கடலைக் கடக்கும் பகா எண்

இந்தியாவின் தென்கோடி எது என்று கேட்டால் பலர் கன்னியாகுமரி என்பர். நாட்டின் உண்மையான தென்முனையான இந்திரா முனை, கிரேட் நிக்கோபார்த் தீவில் இருக்கிறது. அத்தீவின் முதன்மையான ஊர் கேம்பல் பே. 1969 முதல் முன்னாள் படைவீரர்களின் குடும்பங்கள் அங்கே குடியமர்த்தப்பட்டன. அந்தமான் நிக்கோபாரின் தலைநகரான போர்ட் பிளேயர், அதாவது இன்றைய ஸ்ரீ விஜயபுரம், அவ்வூருக்கு வடக்கே ஐந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. தலைநகரிலிருந்து சென்னைக்கு மேலும் 1,300 கிலோமீட்டருக்கும் மேலான கடல்வழி. கப்பலில் வந்தால் ஏறத்தாழ மூன்று நாள்.

அவ்வூரில் ஓய்வூதியம் பெறும் முன்னாள் படைவீரர் ஒருவர் வாழ்வதாக எண்ணிக்கொள்வோம். அவருடைய மகள் மதுரையில் கல்லூரியில் படிக்கிறாள். கட்டணம் செலுத்த இன்றே கடைசி நாள். தந்தை தம் கைபேசியில் வங்கியின் இணையதளத்தைத் திறக்கிறார். முகவரிக்கு அருகே சிறிய பூட்டுச் சின்னம் தோன்றுகிறது. சில நொடிகளில் 25,000 ரூபாய் மகளின் கணக்கில் சேர்கிறது.

அந்தப் பணச் செய்தி கடந்துவந்த வழியை நினைத்துப் பார்ப்போம். ஊரிலுள்ள கோபுரம், கடலடிக் கம்பிவடம், சென்னைக் கரையிலுள்ள நிலையம், அதற்கப்பால் பல இணைப்பகங்கள் என எத்தனையோ கைகளை அது கடந்திருக்கிறது. இடையில் எவர் வேண்டுமானாலும் செவிமடுக்கக்கூடிய பாதை அது. அந்தத் தந்தையும் அவருடைய வங்கியும் இரகசியச் சொல் எதையும் முன்கூட்டி நேரில் பேசி வைத்துக்கொண்டதில்லை. அவ்வாறிருந்தும் செய்தி எவருக்கும் புரியாத வடிவில் வந்து சேர்கிறது. இதை இயலச் செய்வது கணிதம். அக்கணிதத்தின் நடுவே நிற்பது ஒரு பெரிய பகா எண்.

எண் இதுதான்

அந்த எண்ணை மறைத்து வைக்க வேண்டிய தேவை ஏதும் இல்லை. முழுமையாகவே இங்கே அச்சிடுகிறோம்:

57896 04461 86580 97711 78549 25043 43953 92663 49923 32820 28201 97287 92003 95656 48199 49

மொத்தம் 77 இலக்கங்கள். சுருக்கமாக எழுதினால் 2²⁵⁵ − 19. அதாவது இரண்டை 255 முறை எழுதிப் பெருக்கி, வரும் தொகையிலிருந்து 19-ஐக் கழிக்க வேண்டும். நமக்குப் பழகிய கோடிக் கணக்கில் சொல்வதானால், பதினொரு கோடிகளை ஒன்றோடொன்று பெருக்கி வரும் தொகையில் பாதிக்குச் சற்று மேல்.

இந்த எண்ணை அடித்தளமாகக் கொண்ட மறையாக்க முறையை அமெரிக்கக் கணிதவியலாளர் டேனியல் பெர்ன்ஸ்டைன் 2006-ஆம் ஆண்டு ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். 2016-இல் அது இணையத்தின் பொதுத் தரநிலைகளுள் ஒன்றாக இடம்பெற்றது. இன்று இணைய உலாவிகளும் சேவையகங்களும் பாதுகாப்பான தொடர்பை ஏற்படுத்தும்போது பெரும்பாலும் முதலில் முன்வைப்பது இம்முறையையே. இதற்கு இணையான அளவுள்ள வேறு பகா எண்களும் வழக்கில் உண்டு. எதுவாயினும் அடிப்படைக் கருத்து ஒன்றுதான்.

பகாமை என்னும் பண்பு

பள்ளியில் நாம் கற்ற பாடத்தைச் சற்றே நினைவுகூர்வோம். ஒன்றாலும் தன்னாலும் அன்றி வேறெந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடாத எண் பகா எண். 2, 3, 5, 7, 11, 13 என்று அவ்வரிசை தொடங்கும். அது முடிவற்றது என்பதை இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்க அறிஞர் யூக்ளிட் நிறுவிவிட்டார். எண்கள் பெரிதாக ஆக, பகா எண்களின் அடர்த்தி குறைகிறது. ஆயினும் நாம் அஞ்சும் அளவுக்குக் குறைவதில்லை. 77 இலக்கமுள்ள நம் எண்ணின் அருகே கூட, சராசரியாக 177 எண்களுக்கு ஒன்று பகா எண்ணாக இருக்கும். 1896-இல் நிறுவப்பட்ட பகா எண் தேற்றம் தரும் கணக்கு இது.

2²⁵⁵-இலிருந்து கீழ்நோக்கி இறங்கி வந்து தேடினால் இதை நேரில் காணலாம். இரட்டை எண்களை விட்டுவிடுவோம். 1-ஐக் கழித்தால் கிடைப்பதை 7 வகுத்துவிடும். 3-ஐக் கழித்தால் 5 வகுக்கும். 5-ஐக் கழித்தால் 3 வகுக்கும். 9-ஐக் கழித்தால் 17 வகுக்கும். 11, 13, 15, 17 ஆகியவற்றைக் கழித்தால் முறையே 3, 5, 7, 3 வகுத்துவிடும். 7-ஐக் கழித்துக் கிடைப்பது இவ்வளவு எளிதில் பிடிபடாது; எனினும் அதுவும் பகு எண்ணே. அடுத்து 19-ஐக் கழிக்கும்போதுதான் வகுபடாத எண் கிட்டுகிறது. ஆகவே 2²⁵⁵-க்குக் கீழே உள்ள பகா எண்களுள் மிகப் பெரியது இதுவே.

இவ்வளவு பெரிய எண் பகா எண்தான் என்பதை எப்படி உறுதிசெய்தார்கள் என்ற ஐயம் வாசகர்களுக்கு எழலாம். ஒவ்வொரு எண்ணாக வகுத்துப் பார்ப்பது இயலாத செயல். நொடிக்கு ஒரு இலட்சம் கோடி முறை வகுக்கும் கணினி இருந்தாலும், வகுத்து முடிக்கப் பிரபஞ்சத்தின் வயது போதாது. எனவே கணிதவியலார் வேறு வழிகளைக் கண்டனர். பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் ஃபெர்மா கண்ட விதி ஒன்று அவற்றுக்கு அடிப்படை. பகா எண் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதனால் வகுபடாத எந்த எண்ணையும், அப்பகா எண்ணுக்கு ஒன்று குறைந்த அடுக்குக்கு உயர்த்தினால், மீதி எப்போதும் 1 ஆகும் என்பது அவ்விதி. மீதி 1 வராவிட்டால், வகுத்தி எது என்று தெரியாமலேயே அந்த எண் பகா எண் அன்று எனத் தள்ளிவிடலாம். இதிலிருந்து வளர்ந்த கூர்மையான சோதனைகள் 77 இலக்க எண்ணை இமைப்பொழுதில் உறுதிசெய்துவிடுகின்றன.

இத்துறையில் நம் நாட்டுக்கும் சிறப்பான இடம் உண்டு. எந்த எண்ணையும், நிறுவப்படாத ஊகம் எதையும் சாராமல், தற்செயலுக்கு இடம்தராமல், எண்ணின் இலக்க அளவோடு கட்டுக்குள் வளரும் நேரத்தில் பகா எண்ணா என்று தீர்மானிக்க முடியுமா என்பது நெடுங்காலம் விடை காணப்படாத கேள்வியாக இருந்தது. 2002 ஆகஸ்டில் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் பேராசிரியர் மணீந்திர அகர்வாலும், அப்போதுதான் இளநிலைப் படிப்பை முடித்திருந்த நீரஜ் கயால், நிதின் சக்சேனா ஆகியோரும் அதற்கு ஆம் என்று விடை கண்டனர். அவர்களது பணிக்கு 2006-இல் கோடெல் பரிசு கிடைத்தது. நடைமுறையில் அதனினும் விரைவான சோதனைகள் உண்டு. ஆயினும் கொள்கையளவில் அந்த வினாவை முடித்துவைத்தது கான்பூரில் பிறந்த விடையே.

29 என்னும் சிறிய மாதிரி

77 இலக்க எண்ணைக் கொண்டு காகிதத்தில் கணக்குப் போட முடியாது. ஆகவே அதற்குத் தம்பியைப் போன்ற சிறிய பகா எண் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 29 அதற்கு மிகப் பொருத்தம். 2²⁵⁵ − 19 போலவே இதுவும் இரண்டின் அடுக்குக்குச் சற்றுக் குறைவான எண். 2⁵ − 3. இரண்டு எண்களுமே 8-ஆல் வகுத்தால் 5 மீதி தருவன.

29-க்குத் தமிழ்நாட்டுக் கணிதத்தோடும் உறவு உண்டு. 29 முதல் எந்த எண்ணை எடுத்தாலும், அதன் பாதிக்கும் அதற்கும் இடையில் குறைந்தது நான்கு பகா எண்கள் இருக்கும். இவ்வுறுதி தொடங்கும் இடம் 29. இத்தகைய எல்லை எண்களை 1919-இல் ஆராய்ந்தவர் சீனிவாச இராமானுஜன். அவை இன்று இராமானுஜன் பகா எண்கள் எனப்படுகின்றன. குற்றாலத்தை அடுத்த வல்லத்தில் 1901-இல் பிறந்த எஸ்.எஸ். பிள்ளையின் பெயரால் வழங்கும் பிள்ளை பகா எண்களிலும் 29 இடம்பெறுகிறது. 1950-இல் பன்னாட்டுக் கணித மாநாட்டுக்குச் செல்லும் வழியில் கெய்ரோ அருகே நேர்ந்த விமான விபத்தில் மறைந்த மேதை அவர்.

இப்போது 29 மணி நேரம் காட்டும் கடிகாரம் ஒன்றைக் கற்பனை செய்வோம். 29 வந்தவுடன் முள் மீண்டும் சுழியத்துக்குத் திரும்பும். 30 என்பது அங்கே 1. 60 என்பது 2. அதாவது எந்த எண்ணையும் 29-ஆல் வகுத்து மீதியை மட்டுமே வைத்துக்கொள்கிறோம்.

கடிகாரத்தின் அளவு பகா எண்ணாக இருப்பதன் பயன் என்ன? 30 மணிக் கடிகாரத்தில் 5-ஐ 6-ஆல் பெருக்கினால் சுழியம் வந்துவிடும். இரண்டு எண்களும் தடமின்றி மறைந்துபோகும். 29 மணிக் கடிகாரத்தில் சுழியம் அல்லாத எந்த இரண்டு எண்களைப் பெருக்கினாலும் சுழியம் வராது. எனவே அங்கே கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் ஆகிய நான்கும் குறைவின்றி நடைபெறும்.

இனி நம் ஓய்வூதியரையும் வங்கியையும் இக்கடிகாரத்தின் முன் நிறுத்துவோம். 29 என்ற எண்ணும், 2 என்ற தொடக்க எண்ணும் ஊரறிந்தவை. ஓய்வூதியரின் கைபேசி 7 என்ற எண்ணை மனத்துக்குள் வைத்துக்கொள்கிறது. வங்கியின் கணினி 11-ஐ வைத்துக்கொள்கிறது. ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியாது.

கைபேசி 2-ஐ ஏழு முறை எழுதிப் பெருக்குகிறது. 128 வருகிறது. 29-ஆல் வகுத்தால் மீதி 12. அந்த 12-ஐ வெளிப்படையாக அனுப்புகிறது. வங்கி 2-ஐப் பதினொரு முறை எழுதிப் பெருக்குகிறது. 2,048 வருகிறது. மீதி 18. அந்த 18-ஐ அனுப்புகிறது. இப்போது கைபேசி தனக்கு வந்த 18-ஐத் தன் இரகசியமான 7-ஆம் அடுக்குக்கு உயர்த்துகிறது, மீதி 17. வங்கி தனக்கு வந்த 12-ஐத் தன் 11-ஆம் அடுக்குக்கு உயர்த்துகிறது. மீதி அதே 17.

கடலின் இரு கரையிலும் ஒரே எண் பிறந்துவிட்டது. அந்த 17 எந்தக் கம்பியிலும் பயணம் செய்யவில்லை. வழியில் செவிமடுத்தவருக்குக் கிடைத்தவை 29, 2, 12, 18 மட்டுமே. இனி 17-ஐச் சாவியாகக் கொண்டு இருவரும் தம் செய்திகளைப் பூட்டி அனுப்பலாம். 1976-இல் விட்ஃபீல்ட் டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் ஆகிய இருவரும் வெளியிட்ட வழிமுறை இது. பரிமாற்றம் முடிந்தவுடன் இரகசிய எண்களும் சாவியும் அழிக்கப்படும். அடுத்த முறை புதிய எண்கள் பிறக்கும்.

போவது எளிது, திரும்புவது அரிது

29 போன்ற சிறிய எண்ணானால், 12 எந்த அடுக்கிலிருந்து வந்தது என்று எவரும் சில நிமிடங்களில் தேடிக் கண்டுபிடித்துவிடுவர். எண் பெரிதாகும்போதுதான் காவல் பலப்படுகிறது. முன்னோக்கிச் செல்லும் கணக்கு, இருமடங்காக்கும் குறுக்குவழியால், சில நூறு படிகளில் முடிந்துவிடும். பின்னோக்கி வருவதற்கு அத்தகைய குறுக்குவழி எதுவும் கண்டறியப்படவில்லை.

வெறும் அடுக்குக் கணக்குக்கு 77 இலக்கங்கள் போதா. அம்முறையில் பாதுகாப்பாக இருக்க 600 இலக்கங்களுக்கு மேற்பட்ட பகா எண்கள் தேவைப்படும். ஆகவே 1985-இல் நீல் கோப்லிட்ஸ், விக்டர் மில்லர் ஆகியோர் தனித்தனியே முன்மொழிந்த மாற்றுவழி பின்பற்றப்படுகிறது. எண்களுக்குப் பதிலாக, நீள்வட்ட வளைகோடு என்று கணிதவியலார் அழைக்கும் ஒரு சமன்பாட்டின் புள்ளிகளை எடுத்துக்கொள்வர். அப்புள்ளிகளைக் கூட்டுவதற்கென ஒரு விதி உண்டு. நம் எடுத்துக்காட்டில் 2 வகித்த இடத்தை பெர்ன்ஸ்டைனின் முறையில் 9 என்ற எண்ணால் குறிக்கப்படும் புள்ளி வகிக்கிறது. அங்கே 2²⁵⁵ − 19 கடிகாரத்தின் அளவாக நின்று எல்லாக் கணக்குகளையும் தன்னுள் அடக்கிவைக்கிறது.

அந்தப் பூட்டை உடைக்க இன்றைய கணினிகளுக்குத் தெரிந்த சிறந்த வழியிலும் ஏறத்தாழ 2¹²⁶ படிகள் தேவை. நொடிக்கு ஒரு இலட்சம் கோடி படிகள் என்ற விரைவில் முயன்றாலும், பிரபஞ்சத்தின் வயதைப் போலப் பல கோடி மடங்கு காலம் ஆகும். கல்லூரிக் கட்டணத்தின் கடைசி நாள் அதற்குள் கடந்துவிடும் என்று நாம் துணிந்து கூறலாம்.

ஏன் இந்த 19?

வேறு பகா எண்கள் எத்தனையோ இருக்க, இதைத் தேர்ந்ததற்குக் காரணம் கணக்கின் எளிமை. 97 என்ற எண்ணைக் கொண்டு இதை விளக்குவோம். 97 என்பது 100-க்கு 3 குறைவு. எனவே 97 மணிக் கடிகாரத்தில் 100-ம் 3-ம் ஒன்றே. 4,837-ஐ 97-ஆல் வகுத்து மீதி காண வேண்டுமா? 48-ஐ 3-ஆல் பெருக்கி 37-ஐக் கூட்டினால் 181. மறுபடியும் 1-ஐ 3-ஆல் பெருக்கி 81-ஐக் கூட்டினால் 84. அதுவே விடை. நெடிய வகுத்தல் எதுவும் தேவைப்படவில்லை.

கணினி இரண்டின் அடுக்குகளில் எண்ணுவதால், அதற்கு 2²⁵⁵ என்பது நமக்கு 100 போன்றது. அங்கே 2²⁵⁵-ம் 19-ம் ஒன்றே. எல்லை மீறி வழிந்த இலக்கங்களை 19-ஆல் பெருக்கிக் கூட்டினால் போதும். விலை குறைந்த கைபேசியும் மின்கலத்தை வீணாக்காமல் இக்கணக்கை நொடியின் சிறு பகுதியில் முடித்துவிடுகிறது.

97 என்ற எண்ணைத் தற்செயலாக எடுக்கவில்லை. வளைகுடா நாடுகளிலும் ஐரோப்பாவிலும் பணிபுரியும் உறவினர்களை உடைய வாசகர்கள், அந்நாட்டு வங்கிகளின் நீண்ட கணக்கு எண்ணைப் பார்த்திருப்பர். பன்னாட்டு வங்கிக் கணக்கு எண் எனப்படும் அதில் இரண்டு சரிபார்ப்பு இலக்கங்கள் உண்டு. முழு எண்ணையும் உரிய முறையில் அடுக்கி 97-ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும். 97 பகா எண்ணாக இருப்பதால், ஓர் இலக்கம் பிழையானாலும், அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினாலும், மீதி மாறிப் பிழை வெளிப்பட்டுவிடும்.

கம்பிவடமும் கைகுலுக்கலும்

மீண்டும் தீவுகளுக்குத் திரும்புவோம். நீண்ட காலம் அந்தமான் நிக்கோபாரின் இணையத் தொடர்பு செயற்கைக்கோளையே நம்பியிருந்தது. பூமிக்கு மேல் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோளுக்குச் செய்தி ஏறி இறங்கி, மறுமொழியும் அவ்வாறே வந்து சேர அரை நொடி ஆகும். பாதுகாப்பான தொடர்பைத் தொடங்கும்போது கைபேசியும் சேவையகமும் செய்யும் எண் பரிமாற்றத்தைக் கைகுலுக்கல் என்பர். முந்தைய நெறிமுறைகளில் கைகுலுக்கலுக்கு இரண்டு முறை போய்வர வேண்டும். கிடைத்த குறுகிய அலைவரிசையைப் பலர் பகிர்ந்துகொண்டதால் காத்திருப்பு மேலும் நீண்டது.

2018 டிசம்பர் 30 அன்று சென்னை – அந்தமான் நிக்கோபார் கடலடி ஒளியிழை வடத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 2020 ஆகஸ்ட் 10 அன்று அது நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமும் சுமார் 1,224 கோடி ரூபாய் செலவும் கொண்ட திட்டம் இது. சென்னையைப் போர்ட் பிளேயருடனும், அதன் வழியே ஸ்வராஜ் தீவு, லாங் தீவு, ரங்கட், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் ஆகியவற்றுடனும் அது இணைக்கிறது. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் இரண்டு இலட்சம் கிலோமீட்டர் செல்லும். கேம்பல் பேயிலிருந்து சென்னைக்குப் போய்வர அதற்கு நொடியில் நூறில் இரண்டு பங்கு போதும். 2018-இல் வெளியான புதிய நெறிமுறை கைகுலுக்கலையும் ஒரே போக்குவரவில் முடித்துவிடுகிறது.

அந்தப் போக்குவரவில் கைபேசி அனுப்புவது 77 இலக்கங்களுக்கு மிகாத ஓர் எண். வங்கி அனுப்புவதும் அவ்வாறே. கடலடியில் ஓடும் எண்ணற்ற ஒளித்துடிப்புகளுக்கு இடையே இவை மிகச் சிறியவை. அவற்றுக்குப் பின் செல்லும் கணக்கு எண், தொகை, கடவுச்சொல் அனைத்தும் அவற்றிலிருந்து பிறந்த சாவியால் பூட்டப்பட்டவை.

நாளைய கணினிகள்

இப்பூட்டு என்றென்றைக்கும் உடையாதா என்ற கேள்வி நேர்மையானது. 1994-இல் பீட்டர் ஷோர் என்ற அறிஞர், குவாண்டம் கணினி போதிய வலிமையுடன் உருவானால் இத்தகைய பின்னோக்கிய கணக்கை விரைந்து முடித்துவிடும் என்று காட்டினார். அத்தகைய கணினி இன்னும் உருவாகவில்லை. எனினும் இன்று பதிவுசெய்து வைத்த செய்தியைப் பின்னாளில் திறந்துவிடலாம் என்ற அச்சத்தால் மாற்று ஏற்பாடுகள் தொடங்கிவிட்டன. 2024 ஆகஸ்டில் அமெரிக்கத் தரநிலைக் கழகம் புதிய முறைகளை அறிவித்தது. அவற்றுள் சாவிப் பரிமாற்றத்துக்கான முறையின் கடிகார அளவு 3,329. அதுவும் பகா எண்தான்! 256-ஐ 13-ஆல் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் வரும் எண் அது. அந்த அமைப்பே கணக்கை விரைவாக்க உதவுகிறது. அங்கே காவலாக நிற்பது எண்ணின் அளவன்று. வேறு வகையான கடினமான கணக்கு. இப்போதைக்குப் பல உலாவிகள் பழைய பகா எண்ணையும் புதியதையும் சேர்த்தே பயன்படுத்துகின்றன.

எண் காக்காத வாசல்

இத்தனை வலிமையுள்ள எண்ணுக்கும் ஓர் எல்லை உண்டு. இக்கட்டுரையின் வாயிலாக வாசகர்கள் மனத்தில் கொள்ள வேண்டியது அதுவே.

பகா எண் வழியைக் காக்கிறது. வழியின் மறுமுனையில் இருப்பவர் நல்லவரா என்பதை அது அறியாது. வங்கியின் பெயரைப் போலத் தோன்றும் போலி முகவரியை மோசடிக்காரர் தொடங்கினால், அங்கேயும் அதே பூட்டுச் சின்னம் தோன்றும். அதே 2²⁵⁵ − 19 அங்கேயும் உண்மையாக உழைக்கும். நாம் தட்டெழுதும் கடவுச்சொல்லை வழியில் எவரும் களவாடாமல் நேரே மோசடிக்காரரிடமே கொண்டு சேர்க்கும். இணையதளத்தின் பெயருக்குரிய சான்றிதழை உலாவி சரிபார்க்கும் என்பது உண்மை. ஆனால் அப்பெயர் நம் வங்கியின் பெயர்தானா என்று எழுத்துக்கூட்டிப் பார்க்க வேண்டியவர் நாமே. இதற்குத் துணையாக, வங்கிகள் தம் இணைய முகவரிகளை 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடியுமாறு 2025 அக்டோபர் 31-க்குள் மாற்றிக்கொள்ள வேண்டும் என இந்திய ரிசர்வ் வங்கி பணித்தது. முகவரியின் கடைசிப் பகுதியைப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்வது நலம்.

தொலைபேசியில் வரும் குரலுக்கும் இது பொருந்தும். வங்கி அதிகாரி என்றோ காவல் துறை என்றோ கூறிக்கொண்டு ஒருவர் ஒருமுறைக் கடவுச்சொல்லான ஓ.டி.பி.யைக் கேட்கிறார். நாம் சொல்லிவிடுகிறோம். அந்த நொடியில் எந்தக் கணக்கும் உடைக்கப்படவில்லை. சாவியை நாமே கையில் கொடுத்துவிட்டோம். கிளைக்குச் செல்லப் படகோ கப்பலோ ஏற வேண்டியவர்களுக்கு இத்தகைய குரலை நேரில் சரிபார்ப்பது எளிதன்று. ஆகவே அவர்கள் இன்னும் விழிப்பாக இருக்க வேண்டும். ஐயம் தோன்றினால் அழைப்பைத் துண்டித்து, கணக்குப் புத்தகத்திலோ அட்டையின் பின்புறத்திலோ அச்சிட்டுள்ள எண்ணை நாமே அழைக்க வேண்டும். பணம் போய்விட்டது எனத் தெரிந்தால், தாமதமின்றி வங்கிக்கும், 1930 என்ற தேசிய உதவி எண்ணுக்கும் தெரிவிக்க வேண்டும். முதல் சில மணி நேரத்துக்குள் தெரிவித்தால், பணம் கைமாறிச் செல்லுமுன் தடுத்து நிறுத்த வாய்ப்பு மிகுதி.

கேம்பல் பேயில் நம் ஓய்வூதியர் கைபேசியைச் சட்டைப் பையில் வைக்கிறார். மதுரையிலிருந்து மகளின் குறுஞ்செய்தி வருகிறது: கட்டணம் செலுத்தியாயிற்று. அவர் கைபேசி சற்று முன் தேர்ந்த இரகசிய எண் அதற்குள் அழிந்துவிட்டது. அடுத்த மாதம் ஓய்வூதிய இருப்பைப் பார்க்க அவர் மீண்டும் இணையதளத்தைத் திறப்பார். அப்போது முகவரியை ஒருமுறை நிதானமாகப் படித்துவிட்டுத் தொடர்வாராயின், கடலைக் கடக்கும் மீதிப் பொறுப்பை அந்த 77 இலக்க எண் ஏற்றுக்கொள்ளும்.